படத்துக்குக் கீழே

பத்தாவதோடு நின்றவள் நான். அடுத்தவர் பேச்சைக் கேட்டு எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாம்பரத்தில் நான் ஏறிய பஸ்ஸில், முன்சீட்டில் கேமராவோடு இருந்த பெண் பக்கத்திலிருந்த அம்மாளிடம் அவர் வீட்டில் எடுத்த படத்தைக் காட்டினாள். கல்யாணமாகாமல் இறந்த பெண்ணுக்குப் புதுப்புடவை வைத்துக் கும்பிடும் படம்.

“என் தங்கச்சி உயிரோட இருக்கசொல்ல என் பழந்துணியத்தான் கட்டுனா. செத்தப்புறம் வருஷா வருஷம் பட்டு.”

“சூப்பர்க்கா. கண்காட்சியில ‘வீட்டைக் காக்கும் தெய்வம்’னு கீழ எழுதப்போறேன்.”

“எங்க அப்பா அடிச்ச அடியில செத்தாம்மா. ஊருக்கு வயித்துவலின்னு சொன்னாங்க. அத்த எழுது.”

“அதெல்லாம் போட்டா உங்க வீட்டுல சண்டை வரும்க்கா.”

“வந்தா இன்னா? அவளுக்காக இதுவரைக்கும் யாரும் சண்ட போடல.”

“இது மரபு பத்தின கண்காட்சிக்கா.”

“அப்ப அவ பேரையாவது போடு. செல்வி.”

“பாக்கறேன்க்கா.”

ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த அம்மாள் இறங்கிவிட்டார்.

மறுநாள் அதே பஸ்ஸில் அந்தப் பெண் பிரேம் போட்ட படத்தை மடியில் வைத்திருந்தாள். கீழே ‘வீட்டைக் காக்கும் தெய்வம்’ என்று மட்டும் எழுதியிருந்தது.