இதில் திராட்சை இல்லை

எனக்குக் கழுத்து வலி, அதனால் கொஞ்சம் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறேன். திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிடரிக்குக் கீழே எலும்பு துருத்துகிற இடத்தில் அந்த வலி இருக்கிறது. பழச்சந்தையில் லாரியிலிருந்து பெட்டி இறக்குகிற எல்லோருக்கும் அதே இடத்தில்தான் இருக்கும். தலையை மட்டும் தனியாகத் திருப்ப வராது. எங்கள் ஆட்களைத் தெருவில் கூப்பிட்டுப் பாருங்கள், கதவு திரும்புகிற மாதிரி முழுசாகத் திரும்புவார்கள்.

யாரும் என் மேல் புகார் கொடுக்கவில்லை. நானாகத்தான் வந்தேன். நிதானமாகச் சொல்கிறேன், நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் சுமைகாரர்களுக்கு மேஸ்திரி. எந்த லாரிக்கு எத்தனை ஆள், யார் மேலே நின்று எடுத்துக் கொடுப்பது, யார் கீழே தலையில் வாங்குவது என்று சொல்கிறவர். மேஸ்திரி சுமை தூக்குவதில்லை. இதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அண்ணன். மீசை முளைப்பதற்கு முன்பே என் தலையில் சுமைக்கு அணைவாகத் துணிச் சும்மாடு சுற்றி வைத்தவரும் அவர்தான். "தம்பின்னு லேசான பெட்டியா குடுத்தா, நாளைக்கு ஒருத்தன் என் பேச்சைக் கேப்பானா?" என்பார். அதனால் எனக்கு எப்போதும் கனத்த பெட்டிதான் வரும். நியாயமான மேஸ்திரி என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரை என் கழுத்து சுமந்தது.

அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். வீட்டில் படுத்திருக்கச் சொன்னார்கள். அவர் திரும்பும் வரை அவருடைய இடத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள் சந்தையில். நான் சும்மாட்டைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு, கையை வீசிக்கொண்டு சந்தைக்குப் போனேன். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அண்ணி கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன். தலை மட்டும் திரும்பியது. உடம்பு அசையவே இல்லை. வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். "என்ன தம்பி, பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னேன். உங்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

இப்போது பழத்துக்கு வருகிறேன். அண்ணனுக்குக் கொழுப்புக்காக ஒரு மாத்திரை எழுதியிருந்தார்கள். அதை வாங்க அண்ணியும் நானும் போனோம். மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர், அவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. "அம்மா, இந்த மாத்திரை எடுக்கிற வரைக்கும் கிரேப்ஃப்ரூட் மட்டும் கூடவே கூடாது. ஜூஸாக்கூட வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்னார்.

"கிரேப்பா? வாசல்லகூட விடமாட்டேன் சார்" என்றார் அண்ணி.

திரும்பி வரும் வழியில், "நல்லவேளை சொன்னாரு. உங்க அண்ணனுக்குத் திராட்சைன்னா உயிரு தம்பி" என்றார். அன்றோடு எங்கள் வீட்டில் திராட்சை நின்றது. பார்க்க வந்த ஒருவர் பையில் திராட்சைக் கொத்து இருந்தது. அண்ணி அவரை வாசலிலேயே மறித்துப் பையை வாங்கி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். அண்ணன் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தார். "இத்தனை வருஷத்துல என் தலைமேல ஏறாத பழம் இல்லடா. இருக்கிறதுலயே லேசான பெட்டி திராட்சைதான். அதுவா என்னைக் கொல்லப்போவுது?"

எனக்குத் தெரியும். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லை, ஆனால் பெட்டி மேல் இருக்கிற எழுத்தைப் பார்த்துத்தான் எது எந்தக் கடைக்கு என்று பிரிக்கிறோம். கிரேப்ஃப்ரூட்டுக்கும் திராட்சைக்கும் சம்பந்தமே கிடையாது. அது பம்பளிமாஸுக்குத் தம்பி முறை. தோல் மஞ்சள், உள்ளே சிவப்பு, புளிப்போடு ஒரு கசப்பு. சந்தையில் நாங்கள் கசப்பு ஆரஞ்சு என்போம். அண்ணன் பெட்டி இறக்கிய காலத்தில் அது இங்கே வந்ததில்லை, மேஸ்திரியான பிறகு பெட்டி எழுத்தை அவர் பார்ப்பதில்லை, கிரேப்ஃப்ரூட் என்ற பேர் அவருக்கும் தெரியாது. அண்ணியிடம் நான் சொல்லவில்லை. நம் வீட்டுக்கே வராத பழம், அதைப் பற்றி என்ன பேச்சு என்று விட்டுவிட்டேன். அந்த நாள் வரைக்கும் நான் நல்லவன்தான்.

அண்ணன் தேறினார். முதலில் வாசல் வரை நடந்தார், பிறகு தெருமுனை டீக்கடை வரை. ஒரு சாயங்காலம் சந்தை ஆட்கள் நாலைந்து பேர் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் சமையலறை ஆணியைக் காட்டி, "அடுத்த மாசம் வந்துடறேன்டா. உன் சும்மாட்டை எலி கடிச்சிருக்கான்னு பாத்து வை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "சின்ன மேஸ்திரிக்கு முடி நல்லா வளர்ந்திருக்கு, மறுபடி தேய்ஞ்சிடும்" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன்.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லி, அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "மருந்து வெளியேறாம உடம்புலயே தேங்கும். சதை கெட்டுப்போகும். கை கால் வலி, அசதி, எழுந்து நடக்கவே முடியாம ஆகிடும்" என்றார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். என் காது 'எழுந்து நடக்க முடியாமல்' என்ற இடத்தோடு நின்றுவிட்டது.

அண்ணனுக்கு அப்போது வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. உப்பில்லாச் சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "குளுகுளுன்னு, புளிப்பா ஏதாவது குடேன்டா, நாக்கு செத்துக் கிடக்கு" என்று அவராகத்தான் கேட்டார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவராகத்தான் கேட்டார்.

சந்தை வாசலில் ஐஸ் கடை வைத்திருப்பவர் எனக்குப் பழக்கம். ஜெலாட்டோ என்று ஒன்று போடுவார். ஐஸ்கிரீம் ஜாதிதான், ஆனால் க்ரீம் குறைவு, பால் அதிகம், காற்றடித்துப் பொங்க வைப்பதில்லை, அதனால் நாக்கில் கனமாக உட்காரும். வீட்டில் எப்படிப் போடுவது என்று கேட்டேன். "ஏன், மேஸ்திரி வேலை அலுத்துப்போச்சா?" என்று கிண்டல் செய்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

தோலைத் துருவும்போது மேல் நிறம் மட்டும் வர வேண்டும், அடியிலிருக்கிற வெள்ளை வந்தால் கசக்கும். அந்தத் துருவலைச் சர்க்கரையோடு பிசைந்தால் வாசனை சர்க்கரையில் இறங்கும். பாலில் சோளமாவு கரைத்து, கரண்டியின் முதுகில் ஒட்டுகிற பதத்துக்குக் காய்ச்சி, சர்க்கரையைப் போட்டு மூடி, ஆறியபின் வடிகட்ட வேண்டும். சாற்றைப் பால் ஜில்லென்று ஆன பிறகுதான் ஊற்ற வேண்டும், சூட்டில் ஊற்றினால் திரிந்துவிடும். அப்புறம் ஃப்ரீஸர். ஓரம் உறைய ஆரம்பித்ததும் வெளியே எடுத்து முள்கரண்டியால் உடைத்து அடித்து, மறுபடி உள்ளே வைத்து, மறுபடி எடுத்து அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐஸ்கட்டி மாதிரி பல்லில் நெறுநெறுக்கும்.

முதல் தடவை பொறுமை இல்லாமல் சூட்டிலேயே சாற்றை ஊற்றிவிட்டேன். பால் திரிந்து பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது. தொட்டியில் கொட்டினேன். அப்போது என் மனசாட்சி ஏதாவது சொன்னதா என்று கேட்பீர்கள். பால் வீணாய்ப் போயிற்றே என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

இரண்டாவது தடவை நன்றாக வந்தது. கொழுப்பு எடுத்த பாலைத்தான் வாங்கினேன், அண்ணனுக்குக் கொழுப்பு ஆகாது. சாறு கசப்பு ஆரஞ்சுடையது, தாராளமாக ஊற்றினேன். தோல் மட்டும் சாதா ஆரஞ்சுடையது, வாசனைக்கு. கசப்பு அதில் அமுங்கிவிட்டது. நிறம் இளஞ்சிவப்பாக, பார்க்கவே அழகாக இருந்தது.

அண்ணி கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கலரு ஒரு மாதிரி இருக்கே. இதுல திராட்சை இல்லையே தம்பி?"

"ஒரு திராட்சைகூட இல்ல அண்ணி. சிவப்பு ஆரஞ்சு."

அவரிடம் நான் பொய் சொல்லவில்லை என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் முதல் கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் கிண்ணத்தை வழித்துத் தின்றார். "டேய், இந்தக் கையிலயா நான் பெட்டியைக் குடுத்தேன்? சட்டியைக் குடுத்திருக்கணும்டா" என்றார். எனக்கு விவரம் தெரிந்து அண்ணன் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். சந்தோஷமாகத்தான் இருந்தது. தினமும் செய்தேன். சந்தையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு நேராகச் சமையலறைக்குத்தான் போவேன். அக்கம்பக்கத்தில் என்னை மாதிரி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று பேசிக்கொண்டார்கள்.

சில வாரத்தில் தொடை வலிக்கிறது என்றார். ரொம்ப நாள் கழித்து நடந்ததால் இருக்கும் என்று சொன்னேன். பிறகு தோள். பிறகு டீக்கடை வரை போகாமல் பாதியில் திண்டில் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஒரு நாள் கட்டிலை விட்டு எழப் பார்த்துக் கீழே விழுந்தார். நான்தான் தூக்கினேன். "லாரி லாரியா இறக்கின காலுடா இது. ஈரத்துணி மாதிரி கிடக்குது பாரு" என்றார். கெண்டைக்காலைப் பிடித்துவிடச் சொன்னார். பிடித்துவிட்டேன். எத்தனையோ காலம் பாறை மாதிரி இருந்த சதை, விரல் வைத்த இடத்தில் அமுங்கியது. தொட்டாலே முனகினார். நான் மெதுவாகத்தான் பிடித்தேன். பிடித்து முடித்துவிட்டு ஐஸ் கொண்டுவந்து கொடுத்தேன். கை தூக்க முடியாததால் ஊட்டிவிட்டேன்.

அண்ணி டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றார். நான் மாரடைப்பு வந்த உடம்பு, மெல்லத்தான் தேறும், ஓய்வெடுக்கட்டும் என்றேன். வீட்டில் இப்போது என் பேச்சுக்கு மரியாதை இருந்தது. பிறகு சிறுநீர் பாலில்லாத கட்டன் டீ நிறத்தில் போனது. அண்ணி என்னைக் கேட்காமலே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சந்தைக்கு ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார்.

அங்கே டாக்டரம்மா மாத்திரை அட்டையைப் பார்த்ததும் கேட்டார், "கிரேப்ஃப்ரூட் ஏதாவது சாப்பிட்டாரா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. அண்ணி முந்திக்கொண்டார். "இல்லவே இல்ல டாக்டர். மருந்துக்கடையில சொன்ன நாள்லேர்ந்து அது எங்க வீட்டு வாசப்படி ஏறலை. சாமி சத்தியமா." அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் டாக்டரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. வேறு காரணம் தேடப் போய்விட்டார். மாத்திரையை நிறுத்தினார்கள். ஆனால் சிறுநீரகம் அதற்குள் கெட்டுவிட்டிருந்தது. தீவிர சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அண்ணன் கிடந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டை அசைத்தார். நர்ஸ் வந்து, "தம்பிகிட்ட ஐஸ் கேக்குறாரு. இப்ப தரக்கூடாது" என்று சொன்னார். மறுநாள் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

கொல்ல நினைக்கவில்லை, எழுந்து நடக்காமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன் என்று சொல்லத்தான் இங்கே வந்தேன். வரும் வழியெல்லாம் இந்த வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் மருந்துக்கடைக்காரர் மேற்கொண்டு சொன்னது என் காதில் விழுந்தது. "சிறுநீரகம் போயிடும், உயிருக்கே ஆபத்து" என்று சொன்னார். கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் சந்தைக்குப் போய் நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கினேன்.

மேஸ்திரி வேலை எனக்கே வந்துவிட்டது. கழுத்து வலி ஏன் திரும்பி வந்தது என்று தெரியவில்லை. ஒரு பெட்டியும் தூக்குவதில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு அண்ணி என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். அவர் கண்ணில் தூக்கம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் அண்ணன் பன் கேட்டாராம். அண்ணி வாங்கிக் கொடுத்தாராம். அண்ணன் தின்று முடித்த பிறகுதான் தட்டில் இரண்டு உலர்திராட்சை கிடந்ததைப் பார்த்தாராம். "பொறுக்காம குடுத்துட்டேன் தம்பி. டாக்டரம்மா கேட்டப்ப அது ஞாபகமே வரலை. சத்தியம் வேற பண்ணிட்டேன். காஞ்சாலும் அது திராட்சைதானே? நான்தானே அவரைக் கொன்னுட்டேன்?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணும்னேவா செஞ்சீங்க அண்ணி? விடுங்க. வெளிய யாருக்கும் நான் சொல்லமாட்டேன்" என்றேன். அவரை மன்னித்தேன். அவர் என் கையில் முகத்தை வைத்து அழுதார். அன்றிலிருந்து என் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே இரண்டு வாய் தின்கிறார். கடையில் பழம் வைத்திருக்கிற பக்கம் போகாமல் சுற்றிப் போகிறார்.

உங்களிடம் இதையெல்லாம் சொல்வது எனக்குச் சிரமமாக இல்லை. நீங்கள் யாரோ. எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எங்கே கூட்டிப்போகிறீர்களோ அங்கே வருகிறேன். அண்ணிக்கு நான் ஒரு வார்த்தை கடன்பட்டிருக்கிறேன்: "அது திராட்சை இல்ல அண்ணி, என் ஐஸ்." காலையில் இங்கே வரக் கிளம்பும்போது, எங்கே போறீங்க தம்பி என்று வாசலில் நின்று கேட்டார். சந்தைக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.