இருபது யூனிட்

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குமே வெள்ளை அட்டை, எங்கள் வீட்டில் அதை நான் ஒருவன்தான் எடுத்துப் படிப்பேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பவர் வந்து எழுதிவிட்டுப் போவார். தொண்ணூற்றொன்று மார்ச் கடைசியில் நூற்றிருபது யூனிட் என்று எழுதினார்.

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடி அப்போது இரண்டு வருடம், ஐயா. சைக்கிள் கடை வைத்தேன், கையைக் கடித்தது. கடைசியாகச் சிமென்ட் சீட்டுக் கூரைக்கு அடியில் தெர்மோகோல் அடிக்கும் தொழிலைப் பிடித்தேன். வெயில் உள்ளே இறங்காது, ஃபேன் ஓடுவது குறையும், இருபது யூனிட் மிச்சமாகும் என்று தெருச் சங்கத்துச் செயலாளர் கஜபதியிடம் சொன்னேன்.

"மொதல்ல உன் ஊட்ல போட்டுக் காட்டு கலியமூர்த்தி. மே கடைசில கார்டுல இருபது கொறஞ்சிருந்தா தெருவுல இருபத்தஞ்சு ஊட்டுக்கும் நீதான்" என்றார்.

என் மனைவி கஸ்தூரி அன்றைக்கே சொல்லிவிட்டாள். "இதுவும் போச்சுன்னா எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன். அப்பால வரமாட்டேன்." சொன்னால் செய்கிறவள்.

அடித்து ஒரு மாதம் கழித்து மீட்டரைப் பார்த்தேன். ஒரு யூனிட்கூடக் குறையவில்லை. என் அண்ணன் துலுக்கானம் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. சூடு குறைந்தாலும் குறையாவிட்டாலும் அவருக்கு நாள் முழுக்க ஃபேன் ஓட வேண்டும்.

மீட்டரில் தில்லுமுல்லு செய்யச் சிலர் வழி சொன்னார்கள். அது ஏமாற்று வேலை, எனக்கு மனம் வரவில்லை. கஸ்தூரி காலை ஒன்பதுக்குத் தையல் வேலைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். அது பழைய ஃபேன். ஒன்பது மணி நேரம் நின்றால் ஏறக்குறைய முக்கால் யூனிட். முப்பது நாளில் இருபது தேறும். தினமும் அவள் தெருமுனை திரும்பியதும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அனல் வராமலிருக்க ஜன்னலையும் சாத்தினேன்.

அண்ணனுக்கு நாக்கு குழறும், காது நன்றாகக் கேட்கும். "பக்கத்து ஊட்ல ரேடியோ பாடுதே நைனா" என்றார் ஒருநாள்.

"அது பேட்டரிண்ணா. கரண்ட் எங்கியும் இல்ல."

நம்பினார். அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியவர், நான் எது சொன்னாலும் நம்புவார். கஸ்தூரி கேட்டால் இன்றைக்கும் கரண்ட் போய்விட்டது என்று அவரே சொல்வார்.

ரீடிங்குக்கு மூன்று நாள் இருந்தது. கத்திரி வெயில் இன்னும் தணியவில்லை. பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தேன். அண்ணனுக்கு வேர்வை நின்று, உடம்பு கொதித்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ் கட்டை என் பையில்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, நாலு பேரைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். இன்னும் மூன்றே நாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். உள்ளே சத்தம் அடங்கியதும் கட்டையைச் சொருகினேன். ஃபேன் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டேன்.

சாவு வீட்டுக்கு மூன்று நாளும் ஜனம் வந்துகொண்டே இருந்தது. ஃபேன் நிற்கவில்லை. வாசலில் பெரிய பல்புகள் விடிய விடிய எரிந்தன. ரீடிங் எடுப்பவர் வந்து நூற்றாறு என்று எழுதினார். கஜபதி அட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கருமாதி முடிந்ததும் கஸ்தூரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தப்பை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. அந்த மூன்று நாளை நான் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.