அஸ்வினிக்கு விழுந்த ஹார்ட்டுகள்

அயிரை மீன் குழம்பு வைப்பதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை, மேடம். என் கொழுந்தன் பெண்டாட்டி அஸ்வினிக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். கோச்சடையில் ஒரே வீடு, ஒரே அடுப்படி.

அந்தக் குழம்பை அவள் ரீல்ஸாகப் போட்டாள். மீனைப் பாலில் விட்டு அலசியது என் கை. படத்தில் சிரித்தது அவள் முகம். காளவாசலில் காய் வாங்கப் போனால்கூட, "நீங்க அஸ்வினி வீட்டு ஆளுகதான?" என்று கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

நானும் போட்டுப் பார்த்தேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஃபேஸ்புக்கில் என் நாத்தனார் மட்டும் ஒரு கும்பிடு போட்டாள். இன்ஸ்டாகிராமில் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கோ முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் ஹார்ட்டை அள்ளிக் கொடுத்தார்கள்.

அதனால் பவதாரிணி என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். அவளுடைய ரீல்ஸுக்குக் கீழே, குண்டாகிவிட்டாய் என்று மட்டும்தான் முதலில் எழுதினேன். மற்ற கமெண்டுகளை விட்டுவிட்டு அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். சாப்பாட்டைக் குறைத்தாள். அடுப்படியில் அழுதவளுக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டதும் நான்தான்.

பிறகு பவதாரிணி மன்னிப்புக் கேட்டுச் சிநேகிதியானாள். அஸ்வினிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை, தினமும் இன்சுலின் ஊசி. உடம்பு போடுவதே அந்த ஊசியால்தான் என்றும், தானும் அதை நிறுத்திய பிறகுதான் இளைத்ததாகவும் பவதாரிணி எழுதினாள். ஆவாரம்பூக் கஷாயமே போதும் என்றாள்.

அஸ்வினி என்னிடம்தான் வந்து கேட்டாள். "அக்கா, ஊசிய நிப்பாட்டிரவா? நீங்க வேணாம்னா போட்டுக்கிறேன்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஒனக்குத் தோணுறதச் செய்யி தாயி" என்றேன்.

ஊசியை நிறுத்தியவளுக்குக் கஷாயமும் காய்ச்சிக் கொடுத்தேன். அவள் வாந்தி எடுத்தபோது பித்தம் என்று வீட்டில் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு அவளுடைய நல்ல படமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். கீழே உறவினர் வரிசையில் என் படமும் வந்தது. அந்த ஃப்ளெக்ஸைப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். என் பக்கத்தில் அத்தனை ஹார்ட் விழுந்ததே இல்லை.

அவளைக் கொன்றது நான்தான், மேடம், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஹார்ட் எல்லாம் அவளுக்கு விழுந்தவை என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். நீங்களே பாருங்கள், அதில் என் படமும் இருக்கிறது.