ஏரிச்சரிவில் வேன் உருண்டது தொடர்பாகக் குழாய்க்கடைக்காரர் சொன்னது

சந்தைச் சாலையின் மேற்கு முனையில் குழாய், வால்வு, கழிவறைச் சாமான்கள் விற்கும் கடையை நடத்திவருபவனும், அதே கடையின் மாடியில் குடியிருப்பவனும், குழாய்க்காரர் என்று எல்லோராலும் அழைக்கப்படுபவனுமான ஐம்பத்திரண்டு வயதுள்ள நான், விசாரணை அதிகாரி கேட்டதன்பேரில் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வது:

கால் நசுங்கி மருத்துவமனையில் இருப்பவன் என் மனைவியின் தம்பி. மீசை முளைக்கும் முன்பே என் கடைக்கு வேலைக்கு வந்தவன். குழாய் முனையின் திருகு மரையை விரலால் தடவியே அளவு சொல்வது, கட்டட மேஸ்திரியிடம் எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே பிடித்துக்கொள்வது எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தவை. அதன்பிறகு அவன் என் கடைக்கு நேர் எதிரே, என் பலகையின் அதே நீல நிறத்தில் பலகை மாட்டிக் குழாய்க்கடை திறந்தான். என் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, "எதிர்க்கடையில குழாய் வாங்கினா கூடவே ஒரு வாளியும் வாங்கிக்கங்க" என்று என் காதில் விழும்படி சொன்னான். அன்றிலிருந்து மூன்று வருடமாக நாங்கள் இருவரும் நேரில் பேசுவதில்லை. சொல்லவேண்டியதை என் மனைவியிடம் சொல்வோம், அவள் அந்தப் பக்கம் சொல்வாள். ஒரே அறையில் இருந்தாலும் இதுதான் முறை.

இந்தக் கோடையில் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்தேன். தொட்டிக்கு நானே இணைப்புப் போட்டேன். இவ்வளவு நடந்த பிறகும் அது சொட்டவில்லை என்பதை அதிகாரி நேரில் பார்த்துக்கொள்ளலாம். என் மனைவி, "ஒரு வாரம் ஒரே வண்டிக்குள்ள அடைஞ்சு கிடந்தா ரெண்டு பேரும் வாயைத் திறந்துதான் ஆகணும்" என்று சொல்லித் தம்பியையும் கூப்பிட்டாள். நான் வேண்டாம் என்றேன். அவன் வந்தான்.

வழியெல்லாம் இப்படித்தான் போனது. "ஜன்னலைத் திறக்கச் சொல்லுக்கா, உன் வீட்டுக்காரர் என்னை உள்ள வச்சு வேகவைக்கிறாரு" என்பான். "வெந்தாத்தான் சில பேர் பதமாவாங்கன்னு சொல்லு" என்பேன். இரண்டையும் அவள் ஒப்பித்தாள். பிறகு ஒருநாள், "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டின குழாய் ஜாயிண்ட்டா?" என்று கத்தினாள். அதற்கு மட்டும் இருவரும் சிரித்தோம், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி.

சம்பவத்தன்று மாலை ஏரிக்கு இறங்கும் கல்பாதையில் அவன் ஓட்டினான். கரடுமுரடான வழிக்காக, கியருக்குப் பக்கத்திலுள்ள சின்ன லீவரை மாற்றிப் போட்டிருந்தான். ஏரிக்கு மேலே சரிவில், முகப்பு தண்ணீரைப் பார்க்கும்படி வேனை நிறுத்தியதும், லீவரைப் பழைய இடத்துக்குத் தள்ளப் போய்ப் பாதியிலேயே விட்டுவிட்டான். அது நடுவில் நின்றால் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பு அற்றுப்போகும். கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது, கைபிரேக் ஒன்றுதான் துணை. அந்த வேனின் கைபிரேக் தளர்ச்சி. இதை வேனை விற்றவர் எனக்குச் சொன்னார். அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் பின்படுக்கையில் சாய்ந்திருந்தேன். லீவர் நடுவில் நின்றதைப் பார்த்தேன். இனி ஒரு விஷயம்கூட என்னிடமிருந்து அவனுக்குப் போகக்கூடாது என்று அந்த நீலப்பலகை ஏறிய அன்றே முடிவு செய்திருந்ததால், லீவரைப் பற்றிச் சொல்லவில்லை. காரியம் மட்டும் நடக்கட்டும் என்று, "உன் தம்பியைச் சக்கரத்துக்குக் கல்லு வைக்கச் சொல்லு" என்று மனைவியிடம் சொன்னேன். அவன், "பயமா இருந்தா உன் வீட்டுக்காரரை நடந்து வரச் சொல்லுக்கா" என்றான். நானே இறங்கிக் கல் வைத்திருக்கலாம். அதைக் கேட்ட பிறகு அவன் முன்னால் குனிய எனக்கு மனம் வரவில்லை.

அதன்பிறகு மனைவி கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனாள். அவன் வேனுக்கு முன்னால் பாய் விரித்து, ஏரியைப் பார்த்தபடி கால் நீட்டி உட்கார்ந்தான். நான் இறங்கிப் பக்கவாட்டில் நின்றேன். சரளைக்கல் நெரியும் சத்தம் கேட்டது. வேன் நகர்ந்தது. உடனே நான், "ஏய், உன் தம்பியை எந்திரிக்கச் சொல்லு, வண்டி வருது!" என்று உரக்கக் கத்தினேன். கரையில் இருந்த என் மனைவி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவன் எனக்குப் பத்தடிக்குள் இருந்தான். அவன் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனால் திரும்பாமல், "அக்கா, என்ன சொல்றாரு உன் வீட்டுக்காரர்?" என்று ஏரியைப் பார்த்துக் கேட்டான். அதற்குள் முகப்பு இடித்து அவன் பக்கவாட்டில் சரிய, சக்கரம் அவன் இடதுகால்மேல் ஏறி, வேன் ஒரு பாறையில் முட்டி நின்றது.

அதன்பிறகு அவன் "மாமா" என்று அலறினான். நான் வேனை ஜாக்கி போட்டுத் தூக்கி, அவனை இழுத்துப் பின்படுக்கையில் கிடத்தி, மருத்துவமனைக்கு ஓட்டிப்போனேன். கிளம்புவதற்காக அந்த லீவரைச் சரியான இடத்துக்குத் தள்ளினேன். படுத்திருந்தவன் அதைப் பார்த்தான். நான் லீவரில் ஏதோ செய்து அவனைக் கொல்லப் பார்த்ததாக அவன் புகார் கொடுத்திருப்பது அதை வைத்துத்தான். லீவரைத் தொட்டேன், உருண்ட பிறகு தொட்டேன்.

நிறுத்தும்போது நான் தூங்கிக்கொண்டிருந்ததாக என் மனைவி சொல்லியிருக்கிறாள். என்னிடமும், "தூங்கினேன்னு சொல்லிடுங்க, வீட்டுக்கு வந்துடலாம்" என்றாள். நான் தூங்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி நான் பிழைத்ததில்லை. தெரியும், சொல்லவில்லை. அவன் கால் போகவேண்டும் என்று நான் நினைத்ததில்லை. கடை போகவேண்டும் என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அவனிடம் சொல்ல ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். இருக்கிறது. என் மனைவி வழியாக வேண்டாம், அதிகாரியே அவன் கட்டிலுக்குப் போய்ப் படித்துக் காட்டட்டும்: சரிவில் நிறுத்தினால் சின்ன லீவர் நடுவில் நிற்கக்கூடாது.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)
குழாய்க்கடைக்காரர்