அட்டை ஈட்டி

அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கியதே பாவமோ என்று பயந்து, இதை எழுதாமல் நாலு வருடம் தள்ளிப்போட்டேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் காலை, ஆவூரிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். மனைவி மடியில் ஐந்து வயது மகள், திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மைத் துப்பாக்கியைப் பிடித்தபடியே தூங்கினாள்.

“அத எடுத்துத் தூரப் போடு மேரி. நம்ம வீட்டுக்கு வேணாம்” என்றார் கணவர்.

“ஏங்க, நீங்க மட்டும் வருசா வருசம் ஆண்டவரையே ஈட்டியால குத்துறீங்க. புள்ள இத வச்சு வெளாடக் கூடாதா?”

அவர் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் படைவீரன் வேடம் கட்டுகிறவர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“அது அட்டை ஈட்டி.”

“இது மட்டும் என்ன, இரும்பா? டப்புன்னு சத்தம் கேட்டா படைவீரருக்குப் பயமாக்கும்!”

அவர் சிரிக்கவில்லை.

“மொத வருசம் குத்துறப்ப என் கை நடுங்குச்சு. மேடைக்குப் பின்னாடி வந்து அழுதேன், நீயும் பாத்த. இந்த வருசம் சனம் பூரா அழுவுது, எனக்குக் கை நடுங்கவே இல்ல. எறங்கி வந்து ‘நல்லாக் குத்துனேனா’ன்னு ஒங்கிட்டயே கேட்டேன். அட்டைதான் மேரி. அதுக்கே பழகிப்போச்சு.”

அந்த அம்மா மகளின் விரல்களை மெல்ல விலக்கி, துப்பாக்கியை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

“முழிச்சா புள்ள அழுவாளே.”

“அழுவட்டும். அவளுக்காவது இன்னும் அழுகை வருதுல்ல.”

காதில் விழுந்ததை அப்படியே எழுதிவிட்டேன். பிள்ளை பெற்ற யாரிடமாவது இதைச் சொன்னால், நீங்களும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.