கதவில் ஒட்டப்பட்டது

“மாமா, நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து எங்கம்மா ஏன் சாப்பிட மாட்டேங்கறாங்க?”

தையல்காரம்மாவின் மகள் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயதிருக்கும். ஐயா, உங்கள் விசாரணையில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

நீதிமன்றத்து நோட்டீசுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் அமீனா நான். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவர்கள் வீட்டுக்கு அப்போது கொண்டுபோனது சாக்கடைத் தகராறு ஒன்றுக்கான சாதாரண நோட்டீஸ். பக்கத்து வீட்டாரோடு பேசி இரண்டே வாரத்தில் முடிந்துபோனது. ஆனாலும் அந்த அம்மா இரண்டு நாள் பட்டினி கிடந்திருக்கிறார். ஒரு காகிதம் ஒரு வீட்டின் அடுப்பை அணைக்கிறதென்றால், அதைச் சுமந்துபோகும் கைக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டல்லவா? அன்று பிரார்த்தனையில் உட்கார்ந்தபோது எனக்கு ஒரு தெளிவு பிறந்தது.

அதன்பின், தாங்க மாட்டார்கள் என்று தோன்றிய வீடுகளுக்கு நான் நோட்டீஸ் கொடுக்கவில்லை. ‘வீடு பூட்டியிருந்தது, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கதவில் ஒட்டப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். சட்டத்துக்கு அது போதும். சலூன்காரரும் டீக்கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். “படிச்சு வேற பார்க்கணுமாண்ணே? நீங்க எழுதினா அது வேதம்” என்பார் சலூன்காரர், ஒரு கையில் கத்தியும் மறு கையில் என் பேனாவுமாக. நோட்டீசுகளைத் தகரப் பெட்டியில் அடுக்கிவைத்து, ஒவ்வொரு பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்வேன். ஐயா பெட்டியைத் திறந்து எண்ணியபடி நாற்பத்தொன்று. எனக்கு முப்பத்தெட்டு என்று ஞாபகம். ஐயா சொல்வதுதான் சரியாக இருக்கும்.

அந்த நாற்பத்தொன்றில் ஒருவரான மளிகைக்காரர், நோட்டீஸ் கிடைக்காததால் கடையை இழந்தார் என்றீர்கள். உண்மைதான். ஆனால் பூட்டுப் போட்ட அன்று காலைவரை அவர் சிரித்துக்கொண்டே எடை போட்டார். அந்த எட்டு மாதச் சிரிப்பை எந்தக் கோர்ட்டும் அவருக்குக் கொடுத்திருக்காது.

தையல்காரம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். கணவர் இறந்த மறு வருடம், கணவரின் அண்ணன் அந்த வீடு முழுவதும் தனக்கே சொந்தம் என்று வழக்குப் போட்டார். நோட்டீசோடு வாசல்வரை போனேன். முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், தாயும் மகளும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனம் வரவில்லை. செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

விசாரணை நாளில் அவர் வரவில்லை. எப்படி வருவார். ஒருதலையாகத் தீர்ப்பானது. வீட்டைக் காலி செய்விக்கப் போனதும் நான்தான். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. மெஷினை நானே மூன்று படியும் இறக்கி வைத்தேன், ஒரு கீறல் படாமல்.

“என்ன கேஸுண்ணே இது? ஒரு வார்த்தை யாரும் சொல்லலியே” என்றார் தையல்காரம்மா. “பாதி வீட்டை எங்க வீட்டுக்காரர் பேருக்கு மாமனார் எழுதிவச்ச பத்திரம் பீரோவுலயே இருக்கே. கூப்பிட்டிருந்தா எடுத்துட்டு ஓடியாந்திருப்பேனே.”

பிறகு வக்கீல் வைத்தார். நோட்டீஸ் ஒட்டப்படவே இல்லை என்று நிரூபித்தால் தீர்ப்பு ரத்தாகும், பத்திரத்தைக் காட்டலாம். எல்லாம் என் ஒரு வார்த்தையில் நின்றது. கோர்ட் வராந்தாவில் என்னிடம் வந்தார்.

“அண்ணே, நீங்க தங்கமான மனுஷன். ஞாபகப்பிசகா வேற கதவுல ஒட்டியிருக்கலாம். அப்படிச் சொன்னாக்கூடப் போதும்.”

யோசித்துப் பார்த்தேன். ஒட்டவில்லை என்று நான் சொன்னால் சலூன்காரரும் டீக்கடைக்காரரும் பொய்ச்சாட்சி ஆவார்கள். இரண்டு பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். கூண்டில் ஏறி, கடவுள் அறிய ஒட்டினேன் என்று சத்தியம் செய்தேன். அவர் மனு தள்ளுபடியானது. அவர் மகளும் வந்திருந்தாள். இந்த முறை அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஐயா, பொய் எனக்கு ஆகாது. கடவுள் பேரில் சொன்ன சொல் ஒரு கடன். அதைத் தீர்க்காமல் இருக்க முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் பெட்டியிலிருந்து அந்த நோட்டீசை எடுத்துக்கொண்டு, பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்குப் போனேன். நாலு மூலையிலும் பசை தடவி, கோணாமல் ஒட்டினேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. விட்டுப்போன பூந்தொட்டியை எடுக்க வந்த தையல்காரம்மா அதைத் தொட்டுப் பார்த்தாராம். விரலில் ஒட்டிய ஈரப் பசையைக் காட்டி அவர் கொடுத்த புகார்தான் ஐயாவை என் பெட்டிவரை கொண்டுவந்தது என்கிறார்கள். இருக்கட்டும்.

பெட்டியில் இருக்கும் நாற்பத்தொன்றுக்கும் தலா இரண்டு சாட்சி உண்டு. இந்த ஒன்றை நான் உண்மையிலேயே ஒட்டியதைப் பார்த்த சாட்சிதான் யாரும் இல்லை. ஆனாலும் சொன்ன சொல்லை மெய்யாக்கிவிட்டேன். அன்றைக்குத்தான், ஐயா, பல நாளைக்குப் பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.