மோட்டாருக்கு நாலு கோட்

“சமைக்கிற எடத்துல அத வைக்காதீங்கன்னு எம்புட்டு தடவ…”

“வேற எங்க வைக்க? நீயே ஒரு எடத்தச் சொல்லு…”

“கட்டில்ல வைங்க. நான் கீழ படுத்துக்கிறேன்.”

“அதத்தான் நானும் யோசிச்சேன் மேரி.”

இப்படித்தான் ஆரம்பித்தது, சாமி. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் சவரியப்பன் நல்ல மனிதர். பாவசங்கீர்த்தனத்தில் அதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. தொண்டியில் படகு வைத்திருக்கும் தன் அக்கா மகன் ஜெய்சனிடம் போய், “மாப்ள, ஒன் மோட்டாரு சொறி புடிச்சாப்ல இருக்கு. குடு, வீட்ல வச்சுப் பெயிண்ட் அடிச்சுத் தாரேன்” என்று வாங்கி வந்துவிட்டார். படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில், என் சேலையைச் சுற்றி, மடியில் சாய்த்துக்கொண்டு வந்தார். என்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோதுகூட அவர் முன்சீட்டில்தான் உட்கார்ந்தார்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். என் இட்லித் துணியால் துடைத்தார். எங்கள் சமையலறைச் சுவர் பதினோரு வருடமாக பிரஷ்ஷைப் பார்த்ததில்லை. தாளித்த கடுகெல்லாம் அதில்தான் குடியிருக்கிறது. கேட்டால், “வர்ற கிறிஸ்மஸுக்கு அடிச்சிருவோம்” என்பார். மோட்டாருக்கு நாலு கோட். பொறாமை என்று நினைக்காதீர்கள். எண்ணினேன், அவ்வளவுதான்.

மோட்டாரின் கால்பகுதியில் சல்லடை மாதிரி சின்ன ஓட்டைகள் இருக்கும். அது வழியாகத் தண்ணீர் உள்ளே போய்த்தான் எஞ்சினைச் சூடேறாமல் வைக்குமாம். பெயிண்ட் அடைத்துவிடக் கூடாதென்று அதன்மேல் டேப் ஒட்டினார். “காஞ்சதும் எடுக்கணும். நான் மறந்தா நீ ஞாபகப்படுத்து மேரி” என்றார். நான் ஞாபகப்படுத்தவில்லை. அதுதான் என் பாவம், சாமி.

முழுசாகச் சொல்ல வேண்டுமென்றால், அவர் மறக்கவில்லை. எடுத்துவிட்டார். டிரம்மில் தண்ணீர் ஊற்றி ஓட்டியும் பார்த்தார். மோட்டாரின் பக்கவாட்டில் இருக்கும் துளையிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் பீச்சியது. “பாத்தியா, இது வந்துக்கிட்டே இருந்தா சூடேறலன்னு அர்த்தம்” என்றார். மறுநாள் அவர் முடிவெட்டப் போனபோது டேப்பைத் திரும்ப ஒட்டியது நான். வெள்ளையாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. பார்க்க லட்சணமாக இருக்கட்டுமென்று மேலே மோட்டாரின் நீலத்தையே அடித்தேன். ரெண்டு கோட்.

இருமுகிறீர்களே சாமி, தண்ணீர் வேண்டுமா?

தொண்டிக்கு நானும் போனேன். “வா மேரி, ஒரு சுத்து” என்று கூப்பிட்டார். தலை சுத்தும் என்றேன். ஜெய்சன் முன்பக்கம் உட்கார்ந்தான், இவர் மோட்டாரைப் பிடித்துக்கொண்டார். ஒருதரம் மோட்டாரைக் குனிந்து பார்த்திருந்தால் தண்ணீர் பீச்சாதது தெரிந்திருக்கும். அவரோ, கரையில் நின்ற எனக்கே கையாட்டிக்கொண்டிருந்தார். படகு கொத்தமல்லி விதை அளவு தெரிந்தபோது புகை வந்தது.

நீச்சல் தெரியுமா என்றா கேட்கிறீர்கள்? அவருக்குத் தெரியாது. ஜெய்சனுக்குத் தெரியும்.

நான் ஒரு ஜெபமாலை முடிப்பதற்குள் இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டது. ஜெபம் வீண்போகவில்லை. எஞ்சின்தான் போய்விட்டது. ஜெய்சன் இப்போது அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறான். அவனுக்காகவும் தினம் வேண்டிக்கொள்கிறேன்.

மெக்கானிக் டேப்பை உரித்துக் காட்டியபோது இவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எடுத்த மாதிரி ஞாபகம் இருக்கே மேரி.”

“வயசாயிருச்சுல்ல” என்றேன்.

“நல்லவேள, ஒன்னய ஏத்தல” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இனி பிரஷ்ஷைத் தொட்டால் என் வீட்டுக்குத்தான் என்று மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறார் சாமி. மூன்று சுவர் முடிந்துவிட்டது. மிச்சமிருந்த அதே நீலம். சமையலறைக்குள் நின்றால் கடற்கரையில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன். அதற்காகத்தானே வந்தேன்.

“நாலாவது செவுரு வர்ற சனிக்கிழமதான் முடியும் சாமி. அதுக்கப்புறம் சொன்னாப் போதும்ல?”